அனைவரிடமும் பேசி உறுதி செய்யப்பட்டது

அவருக்குக் ‘கூப்ட்டியா சார்’ என்று பெயர் வைத்த மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ தெரியாது. பெயர் மட்டும் பத்தொன்பது வருஷமாகத் துறையை விட்டுப் போகவில்லை. எந்தப் பையன் எந்தச் செய்தியை எழுதிக்கொண்டுவந்து நீட்டினாலும் பேராசிரியர் முதல் வரியைக்கூடப் படிக்க மாட்டார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருக்கும் ஃபோன் எண்களைப் பார்த்துவிட்டு, “கூப்ட்டியா?” என்பார். கட்டுரையில் யார் யார் பேசியிருக்கிறார்களோ அவர்களை எழுதி முடித்த பிறகு இன்னொரு முறை கூப்பிட்டு, நீங்கள் சொன்னது இதுதானே என்று வாசித்துக் காட்ட வேண்டும். அது மாணவன் வேலை. அதன்பிறகு அதே எண்களைப் பேராசிரியரும் கூப்பிடுவார். இரண்டும் முடிந்தால்தான் கட்டுரை துறையின் பயிற்சி இதழில், அச்சிலும் இணையத்திலும், வரும். இதழின் கடைசிப் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இவ்விதழில் பேசியிருக்கும் அனைவரிடமும் பேராசிரியர் நேரடியாகப் பேசி உறுதி செய்துள்ளார்.’

பத்திரிகை ஆபீஸில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மனிதர். அங்கே ஒருமுறை உயிரோடு இருந்த ஒருவரைச் செத்துப்போனதாகப் போட்டு, அந்த ஆளே மறுநாள் குடையும் கையுமாக ஆபீஸுக்கு வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர். அதனால்தான் இந்தக் கூப்பிடும் பைத்தியம். வேறு எதைச் சொல்லிக்கொடுத்தாரோ இல்லையோ, இதை மட்டும் விடாமல் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது அந்தத் துறையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. இதழியல் துறை என்ற பலகையைக் கழற்றிவிட்டு ‘ஊடக உள்ளடக்கம் மற்றும் வணிகத் தொடர்பியல் துறை’ என்று மாட்டியிருக்கிறார்கள். பெயர் நீளமாகிவிட்டதால் பலகை கதவைத் தாண்டிப் பக்கத்து ஜன்னலில் பாதியை மறைக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்து தட்டச்சு செய்த செய்தி அறையில் இப்போது காணொளி எடுக்கப் பச்சைத் துணியும் வட்ட விளக்கும். கேமரா ஸ்டாண்டுகளுக்கு அங்கே இடம் போதாதபோது பேராசிரியரின் அறையில் கொண்டுவந்து சாத்திவிடுவார்கள். அவர் அவற்றின் கால்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுத் தன் நாற்காலியைச் சேர வேண்டும்.

கூட இருந்த மூன்று ஆசிரியர்களில் ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் கட்டடக் கம்பெனி ஒன்றுக்கு அறிக்கை எழுதப் போனார், ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே போனார். யாருடைய இடத்துக்கும் ஆள் போடவில்லை. மூன்று பேர் வேலையும் இவர் தலையில் விழுந்தது. குறுங்காணொளித் திட்டமிடல் என்று ஒரு பாடம். அதைக் காலையில் பஸ்ஸில் வரும்போது படித்துவிட்டுப் பத்து மணிக்கு நடத்துவார். மாணவர்கள் கட்டுரைகளை மென்பொருளில் எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். எழுதியது மென்பொருளா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் இன்னொரு மென்பொருளை வாங்கிப் போட்டது. “மெஷின் எழுதுது, மெஷின் திருத்துது, நடுவுல நான் எதுக்குன்னா கையெழுத்துப் போடறதுக்கு” என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். கேட்ட மனைவி சிரிக்கவில்லை.

செய்தி சேகரிப்பு என்ற பழைய பாடத்தை இந்த ஆண்டு எடுத்தவர்கள் ஒன்பது பேர். முன்பெல்லாம் நாற்பது.

ஒன்பது பேருக்கு ஒரு பாடம் தேவையா என்று பார்க்க வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குழு வருகிறது. வேண்டாம் என்று அது எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு முதல் அந்தப் பாடம் கிடையாது, பயிற்சி இதழும் கிடையாது. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் வைத்திருக்கும் பேராசிரியர் அந்த நான்கு வருஷமும் விளம்பர வாசகம் எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

துறைத்தலைவி விளம்பர உலகத்திலிருந்து வந்தவர், பேராசிரியரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் பழையதை மதிக்கத் தெரியாதவர் அல்ல. இந்தப் பாடத்தைக் காப்பாற்ற அவர்தான் ராப்பகலாக உட்கார்ந்து அறுபது பக்க அறிக்கை தயாரித்தார். அதில் முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டிப் போட்டிருந்தது பேராசிரியரின் கூப்பிடும் வழக்கத்தைத்தான். ‘வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத நடைமுறை: ஒவ்வொரு மேற்கோளும் ஆசிரியரால் நேரடியாக உறுதி செய்யப்படுகிறது.’ எழுதி முடித்துவிட்டு ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

“இப்பவும் கூப்பிடறீங்கல்ல, சார்?”

“கூப்பிடாம?” என்றார் பேராசிரியர்.

அவர் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எப்படி நின்றது என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு கட்டுரைகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். முதல் எண் கிடைக்கவில்லை. இரண்டாவது எண்ணில் ஒரு குழந்தை எடுத்து அழுதது. அன்று அவருக்கு உடம்பில் தெம்பே இல்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய படிவங்கள் வேறு ஒரு கட்டு கிடந்தது. சரி, இந்த ஒரு தடவை என்று எல்லா எண்களுக்கும் எதிரே பேனாவால் சரி போட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் சரி போடுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகூடத் தேவைப்படவில்லை, வகுப்பு இடைவேளையிலேயே முடித்துவிட்டார். கடைசிப் பக்கத்து வரி மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ‘லேட்டு’ வந்தாள்.

லேட்டு என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். காலையில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வருவதால் முதல் வகுப்புக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வந்தாலும் கடைசி பெஞ்சு. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் அதிசயம். கேமரா ஸ்டாண்டுகளைத் தாண்டி வந்தவள் உட்காராமல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கட்டுரை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். ஒருத்தர்கிட்ட மட்டும் பதில் வாங்கணும்.”

“வாங்கிட்டு வா. நாளைக்கு சாயங்காலம் இதழ் போகணும்.”

“அந்த ஒருத்தர் நீங்கதான் சார்.”

இந்தப் பருவத்துக்குத் தலைப்புக் கொடுத்தது பேராசிரியர்தான். ‘இந்த வளாகத்தில் எல்லாரும் நம்பும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அது உண்மைதானா என்று சரிபார்த்து எழுதுங்கள்.’ ஒருவன் விடுதிக் குடிநீரை எடுத்துக்கொண்டான். ஒருத்தி நூலகத்தில் எத்தனை லட்சம் புத்தகம் என்று எண்ணப் போனாள். லேட்டு எடுத்துக்கொண்டது கடைசிப் பக்கத்து வரியை.

“உங்களைப் பத்தி நல்லா எழுதலாம்னுதான் சார் ஆரம்பிச்சேன்” என்றாள். “பாடத்தை எடுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. சார் இவ்வளவு பேரைக் கூப்பிட்டுப் பேசறாருன்னு, அவங்க வாயாலயே சொல்லவெச்சுப் போட்டா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன். பழைய கட்டுரைங்க பின்னாடி இருந்த நம்பரை எல்லாம் எடுத்தேன்.”

“எத்தனை?”

“ரெண்டு வருஷத்துல வந்த கட்டுரை. எனக்குக் கெடைச்சது இருபத்து மூணு பேர்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

“ஒருத்தரைக்கூட யாரும் கூப்பிடலையாம் சார்.”

தாள்களை மேஜையில் வைத்தாள். ஆறு பக்கம். பழக்க தோஷம், பேராசிரியரின் கை தானாகப் போய்த் தாளைத் திருப்பியது. பின்பக்கத்தில் இருபத்து மூன்று எண்கள், எதிரே பெயர், பேசிய தேதி, நேரம். அவர் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, கோடு போட்டு.

படிக்க ஆரம்பித்தார். சுமாராக எழுதுகிறவள் என்றுதான் அவளைப்பற்றி நினைத்திருந்தார். இதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை, திட்டு இல்லை, கேலி இல்லை. சொன்னதைச் சொன்னபடி வைத்திருந்தாள். ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஒரு பஸ் நடத்துநர். ‘பசங்க வந்தாங்க, பேசினாங்க. அப்புறம் யாரும் கூப்பிடல.’ இதையே இருபத்திரண்டு பேர் இருபத்திரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அதனால் நஷ்டமும் இல்லை, கவலையும் இல்லை.

இருபத்து மூன்றாவது ஆள் அப்படியில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாணவன் முதியோர் இல்லம் ஒன்றைப்பற்றி எழுதியிருந்தான். வகுப்பில் ‘ஸ்டைலு’ என்பார்கள், நன்றாகப் பேசுவான், இப்போது எங்கேயோ நல்ல வேலையில் இருக்கிறான். அங்கே உதவியாளராக இருந்த ஒரு பெண் அவனிடம், வேலைக்கு ஆள் போதவில்லை, முப்பது பேரை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். அது போதவில்லை என்று பையனுக்குத் தோன்றியிருக்கிறது. ‘சில நேரம் ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிடுகிறோம்’ என்று ஒரு வரியை அவனே சேர்த்து அந்தப் பெண்ணின் வாயில் வைத்துவிட்டான். கட்டுரை வந்தது. இல்லத்தின் மேலாளர் கண்ணில் பட்டது. அந்தப் பெண் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அழுதிருக்கிறார். மேலாளர் இதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அனைவரிடமும் பேராசிரியர் பேசி உறுதி செய்துள்ளார். படித்தவர் ஒருவர் உன்னிடமே கேட்டு உறுதி செய்தபின் நீ இல்லை என்றால் எப்படி என்று கேட்டு, அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் மேலாளர் அந்தப் பெண்ணை நம்பியிருக்கக்கூடும்.

பேராசிரியர் அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

“நீங்க என்ன சொல்றீங்கன்னு எழுதணும் சார்” என்றாள் லேட்டு. “குற்றம் சாட்டப்பட்டவர் பதில் இல்லாம போடக் கூடாதுன்னு நீங்கதான்…”

“தெரியும்மா. நான்தான் சொன்னேன்.”

நோட்டைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆள் நகரவில்லை. பேராசிரியருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மூன்று ஆள் வேலை, படிவம், குறுங்காணொளி. எதைச் சொன்னாலும் நியாயமாகத்தான் இருக்கும். சொல்லவும் வாய் வந்தது.

“எழுதிக்கோ. ரெண்டு வருஷமா நான் யாரையும் கூப்பிடல. கூப்பிட்டதா சரி போட்டேன். அவ்வளவுதான்.”

“காரணம் சார்?”

“காரணம் கேட்டா களைப்புன்னு போடு. வேணாம், போடாத. அதைப் போட்டா நான் பாவம்னு ஆயிடும்.”

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். நல்ல நிருபர் என்று நினைத்தார். அந்த நேரத்தில் அப்படி நினைப்பு வந்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த அரைமணியில் விஷயம் துறைத்தலைவியின் காதுக்குப் போய்விட்டது. லேட்டுதான் போய்ச் சொன்னாள், அறிக்கையில் பெட்டி கட்டிப் போட்டவர் அவர்தானே, அவரிடமும் பதில் வாங்க வேண்டுமே. பேராசிரியர் அறைக்குள் நுழைந்த துறைத்தலைவி கேமரா ஸ்டாண்டு ஒன்றை இடித்துத் தள்ளினார், அது விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார். அறுபது பக்கம் சார். உங்களை நம்பி முதல் பக்கத்துல போட்டிருக்கேன்.”

“தப்புதான் மேடம்.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? வியாழக்கிழமை அந்தக் குழுவுல ஒருத்தர் விடாம இதைப் பார்ப்பாங்க. பாடம் போச்சு. அடுத்த வருஷம் சேரப் போற பசங்களுக்கு நாம என்ன சொல்றது?”

துறைத்தலைவி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

“நான் பொய் சொல்லச் சொல்லல. கட்டுரையை நிறுத்தவும் சொல்லல. உங்க விதிதான் சார், நான் சொல்லல. அதுல இருக்கற எல்லாரையும் நீங்க கூப்பிட்டு உறுதி பண்ணாம அது வரக் கூடாது. இருபத்து மூணு பேர் இருக்காங்க. பொறுமையா கூப்பிடுங்க. வெள்ளிக்கிழமை முடிங்க, திங்கக்கிழமை முடிங்க. வியாழக்கிழமை முடிஞ்சதும் போட்டுக்கலாம்.”

சொன்னதில் பழுது ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாகக் கூப்பிடாமலே இருந்த மனிதர் இன்னும் இரண்டு நாள் கூப்பிடாமல் இருந்தால் போதும், விதியை மீறாமலேயே எல்லாம் தப்பிக்கும். சும்மா இருப்பது மட்டும்தான் வேலை. அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

“பாக்கறேன் மேடம்” என்றார்.

துறைத்தலைவி போன பிறகு விழுந்த ஸ்டாண்டை எடுத்து நிறுத்தினார். கதவைச் சாத்தினார். லேட்டு விட்டுப்போன தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்து, முதல் எண்ணைப் போட்டார்.

ரொட்டிக்கடைக்காரர் எடுத்தார். பேராசிரியர் தான் யார் என்று சொன்னார், கட்டுரையில் இருந்ததை வாசித்துக் காட்டினார். “‘அப்புறம் யாரும் கூப்பிடல’ன்னு நீங்க சொன்னதா இருக்கு. சரிதானுங்களா?”

“ஆமா, யாரும் கூப்பிடல. ஏன், இப்பதான் கூப்பிடறீங்களே?”

“இது வேற கட்டுரைக்கு. அந்தக் கட்டுரைக்கு அப்பவே கூப்பிட்டிருக்கணும்.”

“சரி விடுங்க சார், ரொட்டியைப் பத்தித்தானே. ஒண்ணும் குடி முழுகிப் போகல.”

நீச்சல் பயிற்சியாளர் ஆமாம் என்றார். நடத்துநர் பஸ்ஸில் நின்றபடியே ஆமாம் என்று கத்தினார். ஒரு தையல்கடைக்கார அம்மா, நீங்கள்தான் அந்தக் கூப்பிடாத சாரா என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். செவ்வாய் சாயங்காலம் ஒன்பது பேர், புதன் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் பதின்மூன்று பேர். தான் கூப்பிடவில்லை என்பதை இருபத்திரண்டு பேரிடம் தானே கேட்டு, தானே உறுதி செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட்டார். காது சூடாகிவிட்டது. பல நாளுக்குப் பிறகு ஒரு வேலையைச் செய்த மாதிரி இருந்தது, அதுவும் எப்பேர்ப்பட்ட வேலை.

இருபத்து மூன்றாவது எண் மட்டும் எடுக்கவில்லை. காலையில் மூன்று முறை போட்டார், மத்தியானம் இரண்டு முறை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

நாலு மணிக்குத் துறைத்தலைவி எட்டிப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தவர் முகத்தில் திகைப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கடைசி எண்ணுக்கு எதிரே காலியாக இருந்ததைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“எடுக்கலைன்னா எடுக்கலதான். நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க விதிப்படி இது இன்னைக்குப் போகாது சார்.”

“போகாது மேடம்” என்று ஒப்புக்கொண்டார். இதழ் அந்தக் கட்டுரை இல்லாமல் அச்சுக்கும் இணையத்துக்கும் போனது. எடுக்கவில்லை என்றால் போடக் கூடாது என்பது லேட்டுக்கும் தெரிந்த பாடம்தான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பேராசிரியர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முயற்சி செய்தாயிற்று, ஐந்து முறை கூப்பிட்டாயிற்று, இனி யாரும் குறை சொல்ல முடியாது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்கவும் இல்லை.

அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை. மறுநாள் வரவேண்டியவர்களை முந்தின நாளே கூப்பிட்டு, வருகிறீர்கள் அல்லவா என்று கேட்டு வைப்பதுதான் முக்கால்வாசி வேலை. சாப்பிடும்போது பேராசிரியர் முழுக்கதையையும் சொன்னார். அவள் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“எது?”

“நீங்க கூப்பிடறதில்லைன்னு. முன்னல்லாம் ஞாயித்துக்கெழம இந்த மேஜைய விட்டு எந்திரிக்க மாட்டீங்க. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம தூங்கறீங்க. எனக்கென்ன கண்ணு தெரியாதா?”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

“களைச்சுப்போய் வர்ற மனுஷன்கிட்ட என்னத்தக் கேக்கறது? தூங்கட்டும்னு விட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “கேட்டிருக்கணும். இப்போ தெரியுது.”

பிறகு அவள் அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

“எத்தன மணிக்குக் கூப்பிட்டீங்க? பதினொண்ணு, பன்னெண்டு, மூணு… வேலை செய்யற பொம்பள எப்படிங்க எடுப்பா? நான் தெனமும் நாப்பது பேரைக் கூப்பிடறேன், ஒரு பல்லுக்கு. தெரியாத நம்பர்னா பாதிப் பேர் எடுக்க மாட்டாங்க. மொதல்ல யாருன்னு மெசேஜ் போடுங்க. எதுக்குன்னு போடுங்க. அவங்களுக்கு எப்போ சௌகரியமோ அப்போ அவங்களே கூப்பிடுவாங்க.”

“கூப்பிடலன்னா?”

“கூப்பிடலன்னா அது அவங்க இஷ்டம். ஆனா நீங்க யாருன்னே சொல்லாம அஞ்சு தடவ மணி அடிச்சுட்டு, எடுக்கலன்னு எழுதிடாதீங்க.”

பேராசிரியர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார். நான்கு முறை அழித்து எழுதினார். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: ‘வணக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் பேசியதாக எங்கள் இதழில் வந்தபோது உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கூப்பிடவில்லை. இப்போது எங்கள் மாணவியிடம் நீங்கள் சொன்னதைச் சரிபார்க்க உங்களிடம் பேச வேண்டும். விருப்பம் இருந்தால் மட்டும்.’

பதில் வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே குழு வந்து இறங்கிவிட்டது. மூன்று பேர், மூன்று பேருக்கும் மேஜையில் அறுபது பக்க அறிக்கை, தண்ணீர் பாட்டில். அந்த அறிக்கையின் முதல் பக்கத்தைப்பற்றி இன்று பேராசிரியர்தான் பேச வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அவர் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அன்று மருந்துக்கடைக்கு லீவு போட்டிருந்த லேட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் நேரத்துக்கு வந்ததை இரண்டு பேர் நின்று கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. பட்டியலில் இருந்த கடைசி எண்.

“சார், மெசேஜ் போட்டிருந்தீங்க. பத்து மணிக்கு வேலை. ஃபோனை உள்ள விட மாட்டாங்க, வெளியில பொட்டில வெச்சிருவாங்க. அதான் எடுக்கல.”

“பரவால்லீங்க. உங்களுக்கு நேரம் இருக்கா?”

“சொல்லுங்க.”

அவர் தாளைப் பிரித்து, லேட்டு எழுதியிருந்ததை மெதுவாக வாசித்தார். ஆள் போதவில்லை என்று சொன்னது. மாத்திரையைப்பற்றி எதுவும் சொல்லாதது. மேலாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. வாசித்து முடித்துவிட்டு, “நீங்க சொன்னது இதுதானுங்களா? ஏதாவது மாத்தணுமா?” என்று கேட்டார்.

“இதுதான் சார். மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

“அது இருக்கட்டும் சார். நான் ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுவீங்களா? மேனேஜர் அந்தப் பேப்பரைக் காட்டினப்போ, என்கிட்ட யாரும் பேசலன்னு நான் அடிச்சுச் சொன்னேன். பெரிய படிப்புப் படிச்சவர் பொய் எழுதுவாராம்மா, நீதான் மறந்துட்டேன்னாரு. வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரே சொன்னாரு. அப்புறம் நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் சார். அங்க ஒரு நிமிஷம் உக்கார நேரமில்லாம ஓடிட்டு இருப்பேன். ஒருவேளை நீங்க கூப்பிட்டிருப்பீங்களோ, நான்தான் ஏதோ ஞாபகத்துல ஆமா ஆமான்னு சொல்லிட்டேனோன்னு. உண்மையிலேயே யாருக்காவது மாத்திரைய மாத்திக் கொடுத்துட்டேனோன்னுகூட நெனச்சேன். ரெண்டு வருஷமா அதான் சார் என் தலைக்குள்ள.”

பேராசிரியர் கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“சார்? இருக்கீங்களா?”

“இருக்கேங்க.”

“நீங்க கூப்பிட்டீங்களா, கூப்பிடலையா?”

அறையின் கதவைத் திறந்து துறைத்தலைவி தலையை நீட்டி, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று கையைக் காட்டினார். பேராசிரியர் இருங்கள் என்று பதிலுக்குக் கையைக் காட்டினார்.

“கூப்பிடல” என்றார். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. “நீங்க எதையும் மறக்கல. நான்தான் கூப்பிடல.”

அந்தப் பெண் அழுகிறாரா என்று தெரியவில்லை.

“சரி சார். அப்படியே போடுங்க. மணியாச்சு, நான் உள்ள போறேன்.”

பேராசிரியர் பேனாவை எடுத்து, தாளைச் சுவரில் வைத்து, கடைசி எண்ணுக்கு எதிரே சரி போட்டார். படிக்கட்டில் எழுந்து நின்றிருந்த லேட்டு கேட்டாள், “சார், இணையத்துல ஏத்தட்டுமா?”

“ஏத்து” என்று சொல்லிவிட்டுக் குழு இருந்த அறைக்குள் போனார்.